பன்னிரண்டாம் வரிசை, ஓர இருக்கை

இது சத்தியமாக நடந்தது. காஸ்பியன் கடலோரத்தில், ஓர் இனத்தின் ஆன்மாவையே கல்லில் வடித்து நிறுத்திய மாபெரும் கலையரங்கத்தில் நடந்தது. கல் என்றால் முன்பக்கம் மட்டும். பின்பக்கம் தகரம்.

நம்பாதவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். இங்கே தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆனாலும் அரங்கத்துக்கு வழி கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். "கெட்டிலா? நேராப் போங்க."

கட்டடக் கலைஞர் ஓரின்பசார் வரைந்தது ஒரு அலை. வயதுக்கும் வேலைக்கும் மரியாதையாக ஊரே அவரை ஓரேக்கே என்று கூப்பிடும்; அந்த மரியாதை வரைபடத்துக்குக் கிடைக்கவில்லை. முதல் நகரத் தலைவர் அன்னம் வேண்டும் என்றார். ஒரு கழுத்தை ஒட்டவைத்தார்கள். அடுத்து வந்தவர், நம் முன்னோரின் கூடாரம் எங்கே என்று கேட்டார். கூரையை உருட்டினார்கள். மூன்றாமவருக்குக் கழுகு. ஒரு சிறகு கட்டுவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. கடலிலிருந்து பார்த்தால் மூக்கும் கைப்பிடியும் வைத்த கெட்டில் ஒன்று கரையில் உட்கார்ந்திருக்கும்.

அடிக்கல்லும் மூன்று முறை நாட்டினார்கள். முதல் விழா பதினோரு வருடத்துக்கு முன்னால். இந்த ஊருக்கான கல்லையெல்லாம் வெட்டிக் கொடுத்து ஓய்ந்த குவாரிக் கிழவர்களையும் கிழவிகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு தங்க எழுத்து அட்டை கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு அப்போதே அழைப்பு. வரிசை எண், இருக்கை எண் எல்லாம் அச்சாகியிருந்தன. இருக்கை இல்லை, கூரை இல்லை, தரைகூட இல்லை. வெட்டவெளிக் காற்றில் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்கள் நின்ற படம் பேப்பரில் வந்தது. எங்கள் பக்கத்தில் அழைப்பைக் கையில் வாங்கிவிட்டால் போயே ஆக வேண்டும். காய்ச்சல் என்றாலும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார்கள்.

வெளியே எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த ஓரேக்கே, உள்ளே இருந்த இசைக்கூடத்தை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அது அவர் மனைவி குன்சுலுவுக்காக வரைந்தது. அவள் பள்ளியில் கோபிஸ் சொல்லிக் கொடுப்பவள். குதிரைமயிரில் நரம்பு கட்டிய அந்த வாத்தியம், உரக்கப் பேசவே தெரியாத வாத்தியம்.

"இது கடைசி வரிசைக்குக் கேக்குமா, கிழவா?"

"கேக்கும்."

"கேக்கலேன்னா?"

"இடிச்சிட்டு மறுபடி கட்டறேன்."

"சமையலறைக் குழாய் ஒழுகுது. மொதல்ல அதைக் கட்டு."

அவளுக்கு முழங்கால் வலி. அதனால் வாசலிலிருந்து பன்னிரண்டாம் வரிசைக்கு மட்டும் படி ஏறாமல் போகும்படி தரையைச் சரித்து வரைந்தார். அவள் வரைபடத்தில் விரலை வைத்தாள். "ஓரத்துல இருக்கே, இது என் சீட்டு. யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதே."

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் சிறுநீரகம் கெட்டு குன்சுலு இறந்துபோனாள். அப்போது கூடத்துக்குக் கூரை போட்டிருக்கவில்லை. பன்னிரண்டாம் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் பனி கிடந்தது.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை. ஒலியைச் சோதிக்க அல்மாத்தி நகரத்திலிருந்து ரௌஷான் வந்திருந்தாள். முப்பது வயதுப் பெண், சிரிக்காத முகம். பையிலிருந்து பெரிய பலூன்களை எடுத்து ஊதினாள். விழாவுக்குப் பொறுப்பான நகரத் துணைத் தலைவர் மக்ஸூத் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா பொறந்தநாள்?"

"மேடையில வெடிப்பேன் சார். சத்தம் அடங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு மெஷின் அளக்கும். காலிக் கூடத்துல சத்தம் ரொம்ப நேரம் நிக்கும். ஆள் உக்காந்தா உடம்பும் துணியும் சத்தத்தைக் குடிச்சிடும்."

"அப்ப எங்க ஆளுங்க வந்தா சுத்தமா அடங்கிடும். உடம்புக்குக் குறைச்சல் இல்ல." தன் தொப்பையைத் தட்டிக்காட்டிவிட்டு அவர் காருக்குப் போனார்.

வேலையாட்கள் தொழுகைக்குப் போய்விட்டார்கள். ஓரேக்கே கதவுகளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே இரண்டே பேர். மேடையில் ரௌஷான். பன்னிரண்டாம் வரிசையில், ஓர இருக்கையை விட்டு அடுத்ததில், ஓரேக்கே. பட்டப்பகல்தான். மேல் ஜன்னல்கள் வழியே வெயில் விழுந்துகொண்டிருந்தது.

மதியம் ஒன்று பத்து. முதல் பலூன்.

டப்…

சத்தம் கூரையில் ஏறி, சுற்றி, மெல்லக் கரைந்தது. இரண்டு புள்ளி நான்கு வினாடி.

"காலிக் கூடம். நீங்க போட்ட கணக்கேதான் ஐயா."

பதினோரு வருடத்தில் அவர் போட்ட கணக்கு சரி என்று ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். எல்லா இருக்கைகளும் ஸ்பிரிங் வைத்தவை. ஆள் எழுந்தால் தானாக மடங்கி நின்றுகொள்ளும். அதுவும் மடங்கி நின்றது.

இரண்டாவது பலூன். இரண்டு புள்ளி மூன்று.

"பலூன் சின்னதோ என்னவோ…" என்றாள்.

மூன்றாவது. இரண்டு புள்ளி ஒன்று.

ரௌஷான் மெஷினைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில் இருந்த வெப்பமானியைக் குனிந்து பார்த்தாள்.

"ஐயா, ஹீட்டர் போட்டீங்களா?"

"ஹீட்டருக்கு இன்னும் லைனே குடுக்கல."

"சூடு ஒரு டிகிரி ஏறியிருக்கு. காத்துல ஈரமும் ஏறியிருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "நாலு பேர் மூச்சு விட்டா இப்படி ஏறாது. நிறையப் பேர் விடணும்…"

"கதவு பூட்டியிருக்கும்மா."

"தெரியும்."

ஓரேக்கே எழுந்து நடைபாதையில் இறங்கினார். முன்வரிசைகளைப் பக்கவாட்டில் பார்த்தார்.

இருக்கைகள் விரிந்து கிடந்தன.

முதல் வரிசை. இரண்டாவது. மூன்றாவது… பன்னிரண்டு வரை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும் மடங்கி நின்றன. மற்றவை எல்லாம் கீழே அமுங்கியிருந்தன. பதின்மூன்றாம் வரிசையிலிருந்து பின்னால் ஒன்றுகூட அசையவில்லை.

யாரும் இல்லை.

வெயில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது.

மணி ஒன்று முப்பத்தொன்று. ரௌஷான் நான்காவது பலூனை உடைத்தாள். சத்தம் எழுந்தது… சீக்கிரமே அடங்கியது. யாரோ பொத்தியது மாதிரி. ஒன்று புள்ளி ஒன்பது.

அந்த அமைதியில் ஒரு இருமல்.

வறண்ட, நீண்ட இருமல். குவாரித் தூசி நெஞ்சில் படிந்தவர்களின் இருமல். ஓரேக்கேயின் அப்பா அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார்.

"ஐயா… வாங்க… போயிடலாம்…"

அவர் போகவில்லை.

பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு உள்ளேயே வேறொன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. இவர்கள் வர முடியும் என்றால்…

பன்னிரண்டாம் வரிசைக்கு ஏறக்குறைய ஓடினார். தன் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து ஓர இருக்கையைப் பார்த்தார்.

மடங்கியே நின்றது.

"குன்சு…"

கையால் அதைக் கீழே அமுக்கினார். விரித்துப் பிடித்துக்கொண்டார். மெத்தை சில்லென்றிருந்தது.

"வா. படி இல்ல. நேரா வரலாம்."

கையை எடுத்தார்.

டப்.

மறுபடி அமுக்கினார். எடுத்தார்.

டப்.

மறுபடி…

டப்.

ரௌஷான் வந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கி வெளியே கூட்டிக்கொண்டு போகும்வரை அதையே செய்துகொண்டிருந்தார். அவர்கள் கதவைத் திறந்தபோது, கூடம் முழுக்க இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், வயதானவர்கள் எழுந்துகொள்கிற வேகத்தில்.

வெளியே காரில் உட்கார்ந்து மக்ஸூத் பொரித்த மாவுருண்டை தின்றுகொண்டிருந்தார். ரௌஷானின் கையிலிருந்த மெஷினை எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு புள்ளி ஒன்பதா? நல்லதா, கெட்டதா?"

"முந்நூறு பேர் உக்காந்திருக்கிற கூடத்துக்கு வர்ற அளவு சார்."

"ஆளே இல்லாம முந்நூறு பேர் எஃபெக்டா? இதுதான்யா உலகத் தரம். அப்படியே சர்டிபிகேட்ல எழுதிடு." விரலைத் துடைத்துக்கொண்டார். "ஆமா ஓரேக்கே, ஒரு சின்னத் தலைவலி இருந்துச்சே, அதுவும் தீர்ந்துபோச்சு. மொத அடிக்கல் அன்னிக்குப் பெருசுங்களுக்கு அட்டை குடுத்தோம் பாருங்க, முந்நூத்திப் பன்னெண்டு அட்டை. அவ்வளவு பேரும் வந்து நின்னா தலைநகர் விருந்தாளிங்களை எங்க உக்கார வைக்கிறது? விசாரிச்சுப் பார்க்கச் சொன்னேன். கடவுள் புண்ணியம், உயிரோட இருக்கிறது எட்டே பேர்."

ரௌஷான் மெல்லக் கேட்டாள். "எந்த வரிசை சார் குடுத்தீங்க?"

"ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு. ஏம்மா?"

அவள் மெஷினை மூடிவைத்தாள். அன்று மாலையே ரயில் ஏறிவிட்டாள். பலூன் பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை திறப்பு விழா நடந்தது. நாலு மணி நேரம் பேசினார்கள், இருபது நிமிடம் வாசித்தார்கள். முன்வரிசைகளில் உட்கார்ந்த தலைநகர் விருந்தாளிகள், இருக்கை ரொம்பக் குறுகல் என்று ஒருவர் பாக்கியில்லாமல் குறைபட்டார்கள். ஒரே இருக்கையில் இன்னொருத்தர் மடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு மந்திரியின் மனைவி பாதியில் எழுந்து போனாள். குன்சுலுவிடம் படித்த பெண் ஒருத்தி கோபிஸ் வாசித்தாள். கடைசி வரிசைவரை கேட்டது. ஒவ்வொரு இழுப்பும் கேட்டது.

ஓரேக்கே பன்னிரண்டாம் வரிசை ஓரமாக, நடைபாதையில் நின்றே கேட்டார். ஓர இருக்கை மடங்கி நின்றது. அது ஏன் விரியவில்லை என்று அவருக்கு வெள்ளிக்கிழமையே, மக்ஸூத் மாவுருண்டை தின்றுகொண்டு பேசியபோதே புரிந்துபோயிருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவருக்கும் இரண்டு அட்டை கொடுத்திருந்தார்கள், பன்னிரண்டாம் வரிசையில். வரைபடம் அப்போது மக்ஸூத்தின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. மச்சானுக்கு ஒன்று வேண்டும் என்று மக்ஸூத் கேட்டார். மனைவிக்கு எதற்கு அட்டை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தால் போயிற்று என்று நினைத்து, ஓரேக்கே ஓர இருக்கையின் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார். குன்சுலுவிடம் சொல்லவில்லை.

மச்சான் திறப்பு விழாவுக்கு வரவில்லை. வயிறு சரியில்லையாம். மற்றபடி நலமாக இருக்கிறார்.