மாக்கிரட் வன்கூவருக்குக் கார் ஓடிய கோடை

மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் எங்கள் கோவிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கதையைப் பிழையாகச் சொல்கிறார்கள். கரடி வந்தபோது மாக்கிரட் கூடாரத்துக்குள் படுத்திருந்தார் என்கிறார் ஒருவர். கரடியை அகப்பையால் அடித்துக் கலைத்தார் என்கிறார் இன்னொருவர். கரடியே இல்லை, அது நாய் என்று சொல்பவரும் உண்டு. வந்தது கரடிதான். மாக்கிரட் அப்போது உள்ளே இல்லை. அவர் வாயால் கேட்டு, ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் சரிபார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாக்கிரட் செபமாலை மன்னாரில் பிறந்தவர். சண்டை வந்தபோது மடுக் கோவில் வளவு அகதி முகாமில் தறப்பாள் விரிப்பின் கீழ் இரண்டு மாரிகாலம் இருந்தவர். 1992-இல் கணவர் செபமாலையோடும் மகன் றொக்சனோடும் மொன்றியலுக்கு வந்தார். ஷபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில், குளிர்காலச் சட்டைகளுக்கு உள்துணி பொருத்தும் வேலை. 2006-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. செபமாலை அதற்கு முன்பே மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் ஓடிய 1998-ஆம் ஆண்டுக் கொரோலா கார் பனியில் புதைந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மாக்கிரட் ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓடப் பழகினார். மூன்றாம் முறைதான் சோதனையில் சித்தியடைந்தார். முதல் இரண்டு முறையும் அவரை விழுத்தியது மட்டுமீறிய மெதுவான ஓட்டம்.

எங்கள் கட்டடத்தில் அவர் எனக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். 2007 மே மாதத்தில் ஒரு நாள் படியில் என்னை மறித்துக் கேட்டார்.

“அண்ணை, இஞ்சையிருந்து வன்கூவருக்குக் காரிலை போகலாமோ?”

“போகலாம். ஆர் போறது?”

“நான்தான்.”

“ஆரோடை?”

“காரோடை.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“குடியுரிமை எடுக்கேக்கை கையை உயர்த்திச் சத்தியம் பண்ணினனான் அண்ணை. பத்து மாகாணமும் தலைநகரமும் பாடமாக்கினனான். கண்டதெண்டால் இந்தத் தெருவும் ஷபனெலும் லவாலும். கலியாண வீடெண்டால் ரொறன்ரோ. எந்த நாட்டுக்குச் சத்தியம் பண்ணினனெண்டு ஒருக்காப் போய்ப் பாக்கவேணாமே?”

விடுதிகளில் தங்க வசதியில்லை. அதனால் கூடாரம் அடித்துத் தங்குவதென்று முடிவெடுத்திருந்தார். கூடாரமும் வாங்கிவிட்டார். அதை வரவேற்பறையில் விரித்து அடித்துப் பழகியதை நானே பார்த்தேன்.

மகன் றொக்சனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அவன் ஆற்றுக்கு அப்பால் லவாலில் வீடு வாங்கியவன். டோர்வல் விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றும் பகுதியில் மேற்பார்வையாளன். மனைவி றெபேக்கா பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். கார்டெறி என்கிற பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. தாய் செயின்ட்-மிஷேல் வீட்டை விட்டு லவாலுக்கு வந்து, கீழ்த்தள அறையில் இருந்துகொண்டு பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதைச் சுயநலம் என்று நான் எழுதமாட்டேன். தகப்பன் தனியாக இருந்த நேரத்தில் விழுந்து இறந்தவர். அதிலிருந்து தாய் ஒருமுறை தொலைபேசியை எடுக்காவிட்டாலும் அவன் காரை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து வந்துவிடுவான்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாக்கிரட்டின் சமையலறை மேசையில் பேச்சு நடந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து மாக்கிரட்டின் தமக்கை பிலோமினம்மாவும் தொலைபேசியில் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

“மடுவிலை முகாமிலை கிடந்தது காணாதெண்டே இப்ப காசு குடுத்து முகாமுக்குப் போறாய்?”

“இது வேறை அக்கா. இதிலை விருப்பமில்லாட்டி அடுத்த நாள் கிளம்பலாம்.”

“அதுசரி, ரொறன்ரோவைத் தொடாமல் மேலாலை போறியாமே? என்ரை வீட்டிலை கட்டில் இல்லையே?”

“கட்டில் இருக்கு. ஏறினால் இறங்க விடமாட்டியள். நீங்கள் ஒரு கிழமை, உங்கடை மச்சாள் ஒரு கிழமை. கடைசியிலை நான் ஸ்கார்பரோவைத்தான் சுத்திப் பாத்துட்டு வருவன்.”

பிலோமினம்மா தொலைபேசியை வைத்துவிட்டார். ஆனால் அடுத்த வாரமே, ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு பொதி கட்டாக் கருவாடு கொடுத்து அனுப்பியிருந்தார். கோபத்திலும் தங்கையைப் பசியோடு வழியனுப்ப அவரால் முடியவில்லை.

அன்று மேசையில் றொக்சன் கடைசியாகச் சொன்னது இது.

“சரி அம்மா, போங்கோ. ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் ரெலிபோன் எடுத்து, நடந்ததை நடந்தபடி சொல்லவேணும். நான் வந்து கூட்டிக்கொண்டு வரவேண்டிய நிலைமை வந்துதெண்டால், வந்த உடனை காரை விக்கிறம். நீங்கள் எங்களோடை வந்து இருக்கிறியள்.”

“வரவேண்டி வராட்டி?”

“பேந்து நான் அந்தக் கதையே எடுக்கமாட்டன்.”

“அண்ணை, கேட்டனீங்கள்தானே?” என்று மாக்கிரட் என் பக்கம் திரும்பினார். கேட்டேன் என்றேன்.

ஜூலை இரண்டாம் வாரம் புறப்பட்டார். ஒட்டாவா, நோர்த் பே, சூ சென் மரி என்று பதினேழாம் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போனார். பின்னால் வந்த லொறிகள் ஹோர்ன் அடித்தன. அவர் ஒதுங்கி இடம் விட்டார், வேகத்தைக் கூட்டவில்லை. முதல் இரண்டு இரவும் கூடாரத்தில் நித்திரை வரவில்லையாம். மூன்றாம் இரவு வந்ததாம்.

சுப்பீரியர் ஏரிக்கரையில், வாவா என்ற சிற்றூருக்குத் தெற்கே உள்ள ஒரு பூங்காவில் இரண்டு நாள் நிற்பதென்று கூடாரம் அடித்தார். ஏரியைப் பார்த்ததும் கடல் என்றே நினைத்திருக்கிறார். கரை தெரியவில்லை, அலை அடித்தது. இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். உப்பில்லை. “என்னை ஆரோ ஏமாத்தினமாதிரி இருந்தது அண்ணை,” என்று சொன்னார்.

பூங்கா வாசலில் ஒரு மஞ்சள் தாள் கொடுத்திருந்தார்கள். கரடியின் படமும் சாப்பாட்டின் படமும் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு. மாக்கிரட்டுக்கு ஆங்கிலம் குறைவு. தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சுதான் வரும். படத்தைப் பார்த்து, சாப்பாட்டை வெளியில் போட்டு வைக்கக்கூடாது என்று விளங்கிக்கொண்டார். அது சரிதான். ஆனால் வெளியில் வைக்கக்கூடாதென்றால் உள்ளே வைக்க வேண்டும் என்றும் அவர் விளங்கிக்கொண்டார். மடுவில் அப்படித்தான் பழக்கம். அரிசியும் அடையாள அட்டையும் தலைமாட்டில் இருக்கும். தலைமாட்டில் இல்லாத சாமான் விடியும்போது வேறொருவருடையது. ஆகவே அரிசி, மிளகாய்த்தூள், பிலோமினம்மா அனுப்பிய கருவாடு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டாம் நாள் பின்னேரம் ஏரியில் உடுப்புத் தோய்க்கப் போனார். உண்மையில் எல்லாச் சாப்பாட்டையும் காருக்குள் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும்.

ஆட்கள் கத்தும் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தபோது, கரடி கூடாரத்தின் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கருப்பு நிறம், பெரிய கரடி இல்லை. வாயில் பையைக் கவ்வியபடி மரங்களுக்குள் போய்விட்டது. அரிசி வழி நெடுகக் கொட்டிக்கிடந்தது.

பக்கத்துக் கூடாரத்தில், பிரெஞ்சு பேசும் த்ருவா-றிவியேர் ஊரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். பூங்காக் காவல் அதிகாரி, ஒரு இளம் பெண், வந்து ஆங்கிலத்தில் சொன்னதை அவர்கள் மாக்கிரட்டுக்குப் பிரெஞ்சில் சொன்னார்கள். சீருடையைக் கண்டதும் மாக்கிரட் கடவுச்சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அந்தப் பெண் அதை வாங்கவில்லை. அபராதம் எழுதவும் இல்லை. மனிதர் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், பொறி வைத்துப் பிடித்துத் தூரக் கொண்டுபோய் விடவேண்டும், அதற்குப் பிறகும் வந்தால் சுடவேண்டி வரலாம் என்று மட்டும் சொன்னாள்.

கிழிந்த கூடாரத்தைப் பார்த்துக் கலங்காத மாக்கிரட் இதைக் கேட்டுத்தான் அழுதார். “அது தன்ரை பாட்டிலை காட்டுக்கை இருந்தது. நான் வந்து கருவாடு காட்டிப் பழக்கிப்போட்டன்.”

அழுது முடித்தபின் கூடாரத்தைக் கழற்றி மேசையில் விரித்தார். அவருடைய பையில் தடித்த ஊசி இருந்தது, நூல்தான் இல்லை. த்ருவா-றிவியேர்க் கிழவர் தூண்டில் நரம்பு கொடுத்தார். கிழிந்த இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, இரட்டைத் தையல் போட்டு மூடினார். அந்தத் தையலைப் பிறகு நான் பார்த்தேன். அழகான தையல் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் மட்டும் புகாது.

தைக்கும்போது கிழவரின் மனைவி, “மகனுக்கு ஏன் சொல்லவேண்டும்? கூடாரம்தான் சரியாகிவிட்டதே,” என்று பிரெஞ்சில் சொன்னாராம். மாக்கிரட் தைத்துக்கொண்டே இருந்தார். மகனுக்குச் சொன்னால் வீடும் காரும் போகலாம் என்று அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் போகாது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு எழும்பி, பூங்கா அலுவலகத்துக்கு முன்னாலிருந்த தொலைபேசிக்குப் போனார். தொலைபேசிக் கார்டில் உள்ள இலக்கத்தை அமத்தி, ஒன்றும் விடாமல் சொன்னார்.

“அம்மா, நீங்கள் அசையாமல் அங்கையே இருங்கோ,” என்றான் றொக்சன். “நாளைக்குக் காலமை ஃப்ளைட் இருக்கு. நான் வாறன்.”

“ஏன் வாறாய்?”

“ஏனெண்டோ? கரடி அம்மா! நீங்கள் உள்ளை படுத்திருந்தால்?”

“படுத்திருக்கேல்லை. பிழை என்ரைதான் தம்பி. சாப்பாட்டைக் காருக்கை வைச்சிருக்கவேணும். இனி வைப்பன்.”

“இதுக்குத்தானே நான் அண்டைக்கே சொன்னனான்? உங்களாலை ஏலாது.”

“நீ முதல் பனிக்குக் காரைக் கொண்டுபோய்ப் பள்ளத்துக்கை விட்டனி. அப்பா வந்து இழுத்து எடுத்தவர். அண்டைக்கு அவர் உன்னை, இனி ஓடாதை எண்டு சொன்னவரே?”

மாக்கிரட் விடாமல் தொடர்ந்தார்.

“நீ சொன்னது, வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தால் எண்டு. இப்ப ஒருத்தரும் வரத் தேவையில்லை. கார் ஓடுது. கூடாரம் தைச்சாச்சு. நாளைக்கு வாவாவிலை அரிசி வாங்குவன். வரத்தான் வேணுமெண்டால் வன்கூவருக்கு வா. நான் அங்கை நிப்பன்.”

“அப்பாவும் இப்பிடித்தான், ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டு சொல்லிக்கொண்டு…” என்று றொக்சன் தொடங்கினான்.

“அப்பா சொல்லேல்லை மோனை. நெஞ்சு நோகுதெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் கரடியையும் சொல்லிப்போட்டன். இதைவிட என்ன சொல்லக்கிடக்கு?”

கார்டில் காசு முடிந்து தொடர்பு அறுந்துவிட்டது. மகன் வருவானா மாட்டானா என்று தெரியாமலே மாக்கிரட் அன்றிரவு தைத்த கூடாரத்துக்குள் படுத்தார். சாப்பாடு காருக்குள் இருந்தது. விடிந்ததும் காரை எடுத்துத் தண்டர் பே பக்கம் திருப்பினார்.

றொக்சன் வரவில்லை. விமானச் சீட்டைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தான் என்று றெபேக்கா எனக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் மாக்கிரட் எடுத்துப் பேசினார். மனிற்றோபாவில் இடிமழை, கூடாரம் ஒழுகவில்லை. மலைப்பகுதியில் ஒரு இறக்கத்தில் பிரேக் சூடாகிப் புகை வந்தது. ஆறும்வரை ஒதுக்கி நிறுத்திவிட்டுப் போனார். ஆகஸ்ட் தொடக்கத்தில் வன்கூவர். அங்கே இறங்கி மறுபடியும் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். அது கடல்தான்.

திரும்பி வரும் வழியில் அதே பூங்காவில் காரை நிறுத்தி, கரடிக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார். பிடித்து வடக்கே கொண்டுபோய் விட்டார்கள், பிறகு வரவில்லை. அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே அவர் வேறு வழியால் வராமல் அந்த வழியால் வந்தார்.

செப்டெம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை றொக்சன் குடும்பத்தோடு செயின்ட்-மிஷேலுக்கு வந்தான். மாக்கிரட் இடியப்பமும் சொதியும் செய்திருந்தார். நானும் இருந்தேன். சாப்பிடும்போது ஒருவரும் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை. றெபேக்கா பிள்ளையின் பல்லைப் பற்றிப் பேசினாள். கை கழுவிவிட்டு வந்து றொக்சன் தாயிடம் கையை நீட்டினான்.

“அம்மா, கார்த் திறப்பைத் தாங்கோ.”

மாக்கிரட் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜூனில் அதே மேசையில் என்ன பேசப்பட்டது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழும்பி, ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டார்.

அவன் கீழே போனான். நாங்கள் யன்னலால் பார்த்தோம். தன் காரிலிருந்து பிள்ளையின் இருக்கையைக் கழற்றி, தாயின் கொரோலாவின் பின்பக்கத்தில் வைத்து, பட்டியை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

மேலே வந்து திறப்பைத் தாயின் கையில் வைத்தான்.

“செவ்வாயும் வியாழனும் வந்து பிள்ளையைப் பாப்பியளோ? பின்னேரம் நீங்கள் உங்கடை வீட்டை வரலாம். குளிர் நாளிலை அவனை எங்கையும் கூட்டிக்கொண்டு போறதெண்டாலும் இருக்கை இருக்கு.”

“ஓம்,” என்றார் மாக்கிரட். பிறகு, “பாலத்திலை நான் மெதுவாய்த்தான் வருவன்,” என்றார்.

“தெரியும் அம்மா. நாங்கள் பாத்துக்கொண்டிருப்பம்.”