சத்தம் கேட்டதும்

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த தாயில்பட்டியில் ஒரு சின்ன தேவாலயத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறோம். பகையான வீடுகளைச் சேர்த்துவைப்பது எப்படி என்று இந்தச் சபைப் பெண்களிடம் கற்றுக்கொள்ள மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கிறோம். போரையே பார்த்துவிட்ட எங்களுக்கு இவர்கள் புதிதாக என்ன சொல்லிவிடப்போகிறார்கள் என்றுதான் எனக்கு இருக்கிறது.

பட்டாசு ஆலை வெடித்தால், இறந்தவர் வீடும் ஃபோர்மேன் வீடும் அதோடு முகம் பார்ப்பதில்லை. இந்தப் பெண்கள்தான் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து பேசுகிறார்கள். இன்று செல்வியையும் பாக்கியம் அக்காவையும் அழைத்து வந்திருக்கிறார்கள். செல்வியின் கணவன் ஃபோர்மேனாக இருந்த ஆலையில்தான் பாக்கியம் அக்காவின் ஒரே மகள் இறந்தாள். பழி அவன்மேல். இருவரும் எதிரெதிரே இருக்கிறார்கள். தேநீர் ஆறுகிறது.

திடீரென்று வெடிச்சத்தம். நான் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறேன். எங்கள் ஊரில் அப்படித்தான் உயிர் பிழைத்தோம். தலையைத் தூக்கினால் பாய் காலி. பெண்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடி, புகை எந்த ஆலைப் பக்கம் எழும்புகிறது என்று பார்க்கிறார்கள். செல்வி தெருவில் இறங்கி ஓடப் பார்க்கிறாள். அவள் கணவன் இப்போது வேறொரு ஆலையில் வேலையில் இருக்கிறான்.

பாக்கியம் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"பயப்படாத செல்வி. பொகை இல்ல. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேட்டுப் போடுறாக. ஒன் வீட்டுக்காரரு நல்லாத்தான் இருப்பாக."

செல்வி அவர் தோளில் முகம் புதைத்து அழுகிறாள்.

உள்ளே திரும்பும்போது பாக்கியம் அக்காவிடம் கேட்கிறேன்: "நீங்க யாருக்காக அக்கா ஓடினீங்க?"

"காலு பழகிப்போச்சு தாயி. வாசலுக்கு வந்த பெறகுதான் எம்புள்ள இல்லைங்கிற நெனப்பே வருது."