நூற்று அறுபத்தைந்து அங்குலப் பட்டை

வெர்ல் டிபெட்ஸ், பனிமேல் பைக் மாதிரி ஓட்டுகிற பனிவண்டி ஒன்றைப் புதிதாக வாங்கப் போகிற விஷயம் பெல்மர் ஊருக்கே தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும். எந்த எஞ்சின், டாங்கிக்கு இருப்பது போல அடியில் சுழலும் ரப்பர் பட்டை எத்தனை அங்குலம் என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்த்து முடித்ததும் வாங்கிவிடுவார். அவர் ஒப்பிட ஆரம்பித்த காலத்தில் கடையில் பளபளவென்று நின்ற வண்டிகளெல்லாம் இப்போது காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

அவருக்கு உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை. ஓடி வருகிற கிழங்கை விதைக்கு இது, வறுவலுக்கு இது, மாட்டுக்கு இது என்று கண்ணிமைக்கிற நேரத்தில் பிரித்துத் தள்ளுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு வண்டியைக் கைகாட்ட வரவில்லை. அதற்காக விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கரைத்துக் குடித்தவர். ஒன்பதாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் கால்வாசி பலத்தை இழந்துவிடும் என்பார். டர்போ வைத்தால் இழக்காது, ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்துகிற கட்டைவிரலால் அவ்வளவு பலத்தையும் அடக்கத் தெரியாதவன் நின்ற இடத்திலேயே கிணறு வெட்டுவான் என்பார். பட்டை நீளமாக இருந்தால் வண்டி பனியில் மிதக்கும், ஆனால் மரங்களுக்கு நடுவே திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும் என்பார். ஊரில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு, மண்டை குழம்பி, பிடித்த நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவரிடம் இருந்ததோ நூற்று முப்பத்தாறு அங்குலப் பட்டை போட்ட ஒரு கிழட்டு வண்டி. இடுப்பளவு பனியைக் கண்டால் அது பன்றி சேற்றைக் கண்ட மாதிரி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

படுத்ததைக் கிளப்பிவிடுவது ரீட் பெக்ஸ்டெட்டின் வேலை. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், வெர்லைவிட இரண்டு வயது மூத்தவர். இருபத்தாறு குளிர்காலமாக இருவரும் சனிக்கிழமை தவறாமல் மலையேறுகிறார்கள். வெர்ல் மாட்டிக்கொள்வார், ரீட் மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார், வசவும் சிரிப்புமாக ஒரு அரைமணி நேரம் தோண்டி, பனியில் சறுக்குவதற்காக வைத்த முன்கட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவருவார். ஒரு நாளைக்கு நாலு தடவை என்பது சாதாரணம்.

ரீட்டுக்கு எஞ்சினும் கிடையாது, பட்டையும் கிடையாது. எடை, எடை, எடை ஒன்றுதான். பனி தெறிக்காமல் வண்டியின் பின்னால் தொங்குகிற மடலைப் பாதியாக வெட்டி எறிந்தார். இருக்கைப் பஞ்சைச் செதுக்கினார். பட்டன் அழுத்தினால் கிளம்புகிற செல்ஃப் ஸ்டார்ட் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. பதினைந்து பவுண்டு வீண் சுமை, கயிறு இழுத்து எஞ்சினைக் கிளப்பத் தெம்பில்லாதவன் வீட்டில் இருந்து பின்னல் போட வேண்டியதுதானே என்பார். செல்ஃப் வைத்த வண்டி வாங்கின அத்தனை பேருக்கும் உணவுவிடுதியில் வைத்துப் 'பட்டன் தாத்தா' என்று பெயர் சூட்டியவர் அவர்தான். முப்பது வயதுக்காரனுக்குக்கூட அந்தப் பெயரை வைத்ததில், அவன் விடுதிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

இந்த வருஷம் பனி தாமதம், அதனால் இருவரும் ஒரு தடவைகூட மலையேறியிருக்கவில்லை. ஜனவரியில் அதே விடுதியில், பிஸ்கட் என்று அங்கே சொல்கிற மெத்தென்ற ரொட்டியும் கிரேவியும் பாதி தின்றிருந்தபோது, ரீட் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"டேய் வெர்ல், இனிமே நான் உன்னைத் தோண்ட மாட்டேன்."

"சரி, நாளைக்குத் தோண்டு."

"விளையாட்டு இல்லடா. உருப்படியா ஒரு வண்டி வாங்கு. வாங்கலைன்னா சனிக்கிழமை நீ உன் வழி, நான் என் வழி. இந்த மாசத்துக்குள்ள."

"என்னடா திடீர்னு? இருபத்தாறு வருஷம் தோண்டினே!"

"அதான் அலுத்துப்போச்சு," என்று சொல்லி ரீட் தொப்பியை எடுத்துக்கொண்டு போயேவிட்டார். தட்டில் பாதி பிஸ்கட் அப்படியே கிடந்தது. ரீட் தட்டில் மிச்சம் வைத்து யாரும் பார்த்ததில்லை.

அந்த மலைகளில் தனியாகப் போவது பைத்தியக்காரத்தனம். பனி சரிந்து மூடினால் கூட வந்தவன்தான் உங்களைத் தேடித் தோண்டி எடுக்க வேண்டும், அதுவும் கால்மணி நேரத்துக்குள். வெளியிலிருந்து யாரும் வந்து சேர மாட்டார்கள். அதனால் ஊரில் அவனவன் தன் உயிரை ஒப்படைக்கிற ஆளைப் பார்த்து எப்போதோ சேர்த்து வைத்துக்கொண்டுவிட்டான். அறுபத்திரண்டு வயதில், நாளைக்கு நாலு தடவை மாட்டிக்கொள்கிற வெர்லை இனி யார் சேர்த்துக்கொள்வார்கள்? ரீட் போனால் மலையும் போயிற்று.

வெர்லின் மனைவி நோலா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "ஏய்யா, நான் பதினோரு வருஷமா கத்துறேன், என் பேச்சு காதுல ஏறலை. அவன் ஒரு வார்த்தை சொன்னதும் மூஞ்சி தொங்கிப்போச்சே! போய் வாங்கித் தொலை. இனிமேலாவது சாப்பாட்டு மேஜையில எனக்கு இடம் கிடைக்கட்டும்." மேஜை முழுக்க வண்டிக் கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள். அவளும் பாவம், மூன்று வருஷமாக மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறாள்.

வெர்ல், பனிவண்டி விற்கும் கென்ட்டின் கடைக்கு ஐந்து நாள் தொடர்ந்து போனார். முதல் நாள் டர்போதான் என்று முடிவு செய்தார். இரண்டாம் நாள், தன் கட்டைவிரலை யோசித்துப் பார்த்து, டர்போ இல்லாத எண்ணூற்றைம்பது சிசி போதும் என்றார். மூன்றாம் நாள் நூற்று ஐம்பத்துநாலு அங்குலம், நாலாம் நாள் நூற்று எழுபத்தைந்து. கென்ட் பொறுமைசாலி, ஆனாலும் மனிதன்தானே.

"வெர்ல் அண்ணே, நீங்க எடுக்கறதுக்குள்ள அடுத்த வருஷத்து வண்டி வந்துடும்."

"எது மாட்டாது, அதைச் சொல்லு. எனக்கு மாட்டவே கூடாது."

"மாட்டாத வண்டின்னு ஒண்ணு உலகத்துல இல்ல. உங்களுக்கு நூத்தி அறுபத்தஞ்சு, பட்டையில மூணு அங்குலப் பல்லு. மிதக்கவும் செய்யும், திரும்பவும் செய்யும். செல்ஃப் வெக்கட்டுமா?"

வெர்ல் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஐயையோ வேண்டாம்பா. ரீட் மானத்தை வாங்கிடுவான்."

கென்ட்டுக்கு என்ன ஆயிற்றோ, காப்பி புரையேறிக் கண்ணில் தண்ணீர் வருகிற வரை இருமினான். வெர்ல் அதைக் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்ட பேனாவைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் ரீட் காத்திருந்தார். புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ம். பரவாயில்ல," என்றார். ரீட் வாயிலிருந்து பரவாயில்லை என்று வந்தால் அது பட்டுச் சால்வை போர்த்தின மாதிரி. அவர் எஞ்சின் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் கொட்டிய பனி தொடைவரை இருந்தது. வெர்ல் கட்டைவிரலை அழுத்தினார். அவ்வளவுதான்! கீழே தரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக எந்தச் சரிவில் கழுத்துவரை புதைந்து கிடந்தாரோ, அதே சரிவில் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஏறினார். உச்சியில் நின்று 'ஓ'வென்று கத்தினார். அறுபத்திரண்டு வயது ஆள், கண்ணாடிக்குள் கண் கலங்கி, ஆனந்தத்தில் குதித்தார். மதியம் வரை ஒரு தடவைகூட மாட்டவில்லை. பதினோரு வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒரு விஷயம்தான் உறுத்தியது. ரீட் எஞ்சினை நிறுத்தவே இல்லை. சாப்பிடும்போதுகூட அது உறுமிக்கொண்டே இருந்தது. பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கிற கஞ்சன் அவர். கேட்டதற்கு, "உனக்கென்னடா?" என்று பாய்ந்தார்.

இரண்டு மணி வாக்கில் வெர்ல் ஒரு மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது பின்னால் ரீட்டைக் காணோம். திரும்பி வந்து பார்த்தால், ஒரு ஃபிர் மரத்தடியில் பனி சேராமல் உண்டான குழிக்குள் வண்டி பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. எஞ்சின் நின்றுபோயிருந்தது. ரீட் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்லுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரீட் பெக்ஸ்டெட் மாட்டிக்கிட்டான்! ஊருக்கே விருந்து வெக்கணும்டா!"

"மாட்டலை. ஓய்வு எடுக்கறேன். நீ முன்னால போ."

"தள்ளு, நான் கயிறு இழுக்கறேன்."

"கிட்ட வராதே! டேய், அங்க பாரு, கடமான்!"

வெர்ல் திரும்பினார். கடமானும் இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. முதுகுக்குப் பின்னால் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம், உடனே எஞ்சின் கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் ரீட் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

"யாரு இழுத்தா?"

"தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு."

வெர்ல் மார்பளவு பனியில் நீந்தாத குறையாகக் குழிக்குள் இறங்கினார். இழுகயிறு இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு ரப்பர் அடைப்பான். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கறுப்பு டேப். அதைப் பிய்த்தார். கீழே, பச்சை நிறத்தில், அழகாக ஒரு பட்டன்.

ரீட் மரத்தைப் பார்த்தார். வெர்ல் ரீட்டைப் பார்த்தார்.

"கயிறு எங்கடா?"

"கென்ட்கிட்ட ரகசியமா பட்டன் வெச்சதுல எடை ஏறிடுச்சு. அதான் கயிறைக் கழட்டிட்டேன்."

வெர்ல் சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ரீட் சிரிக்கவில்லை. வலது கை மடியிலிருந்து நகரவே இல்லை.

"அக்டோபர்ல போச்சு," என்றார் ரீட். "தோள்பட்டை. உள்ளே சதை கிழிஞ்சிருக்காம். இழுக்கக்கூடாது, தூக்கக்கூடாது, தோண்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டா. அறுத்துத் தெச்சாலும் பழைய மாதிரி வராதாம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"தோண்ட மாட்டேன்னு சொன்னேன்ல? முடியாதுன்னு சொல்லத்தான் வாய் வரலை." எஞ்சினை நிறுத்தினார். முதல் தடவையாக அன்று மலை அமைதியானது. "உன் மேல பனி சரிஞ்சா என்னால உன்னை எடுக்க முடியாதுடா. அதுக்குத்தான் மாட்டாத வண்டியா வாங்கச் சொன்னேன்."

வெர்லுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அலுத்துப்போச்சு என்று சொன்ன வாயில் ஒரு பிடி பனியை அள்ளிப் போடலாமா என்று இருந்தது. ஒரு வாரம் தூக்கமில்லாமல் தவித்தாரே! மண்வாரியை எடுத்துத் தோண்ட ஆரம்பித்தார். இருபத்தாறு வருஷம் தோண்டப்பட்ட மனிதருக்குத் தோண்டத் தெரியவில்லை. வாரி எறிந்த பனியெல்லாம் ரீட்டின் மடியில் விழுந்தது.

"கீழ்ப்பக்கமா எறிடா, அறிவு கெட்டவனே! பட்டைக்கு அடியில நோண்டு. முன்கட்டைக்கு முன்னால மிதிச்சுக் கெட்டி பண்ணு. அங்க இல்ல, இங்க!"

"வாயை மூடிட்டு உட்காருங்க, பட்டன் தாத்தா."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வண்டி வெளியே வந்தபோது வெர்லின் முதுகு ஒடிந்தே போயிருந்தது. ரீட் மெதுவாகச் சொன்னார்: "கென்ட் வாரா வாரம் மலைக்குப் போறான். நாப்பத்தஞ்சு வயசு, எருது மாதிரி தோள். லோரிமர் அண்ணன் தம்பிங்களும் நல்லாத் தோண்டுவாங்க. நிதானமா ஒப்பிட்டுப் பாத்து ஒருத்தன்கூடச் சேர்ந்துக்கோ."

"இதுல ஒப்பிட்டுப் பாக்க என்னடா இருக்கு?" என்றார் வெர்ல். "அடுத்த வாரம் ஏழு மணி. பனி சரியற பக்கமே போக வேண்டாம். கீழே, சமதளமான காட்டுப் பாதையில போவோம்."

"சமதளப் பாதையிலயா? அங்க நோலாவோட அக்கா ஓட்டறாடா! அதுக்கு உன் பழைய வண்டியே போதுமே. இந்த நூத்தி அறுபத்தஞ்சு அங்குலத்தை எதுக்கு வாங்கின?"

"நீ கூட்டிட்டுப் போகணும்னு வாங்கினேன்."

ரீட் தலைக்கவசத்தை எடுத்து இடது கையால் மாட்டிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. வெர்ல் கிட்டப் போய் அதை இழுத்துவிட்டு, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டிவிட்டார்.