மாப்பிள்ளைச் சிலந்தியின் லேபிள்

வண்ண மீன் விற்பவன் மீனைக் காட்டி விற்கிறான். டரான்டுலா என்கிற பெருஞ்சிலந்தியை விற்பவன் டப்பாவின் மேல் ஒட்டிய லேபிளைக் காட்டி விற்கிறான். உள்ளே இருப்பது மிளகளவு குஞ்சு. எந்த இனத்துக் குஞ்சும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். வளர்ந்து சொந்த நிறம் காட்டச் சில வருஷம் ஆகும். அதற்குள் விற்றவர் போன் நம்பரை மாற்றியிருப்பார். என்னைப் போல ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்குத் திருவொற்றியூரில் மீன் தொட்டிக் கடை. பின்னறையில் சிலந்திகளும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் உண்டு. சிலந்தி உரித்துப்போட்ட சட்டையைப் பார்த்து ஆணா பெண்ணா, எந்த இனம் என்று சொல்வேன். சொன்னதில் பல சரியாகவே இருந்திருக்கின்றன.

கன்டெய்னரில் வந்தது

ஒருநாள் மதியம் எண்ணூர் பக்கத்துச் சரக்கு யார்டிலிருந்து ஒருவர் டிபன் பாக்ஸைக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டு மரக்கட்டை வந்த கன்டெய்னரைத் திறந்ததும் இது பாய்ந்ததாம். போனில் தேடிப் பார்த்து, விஷ டரான்டுலா என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். யார்டில் வேலை நின்றுபோயிருந்தது.

திறந்து பார்த்தேன். நம் வீடுகளில் காலண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கரப்பான் தின்னும் சாதாரண எட்டுக்கால் பூச்சி. கடல் கடந்து வந்ததா, யார்டின் தகரக் கூரையிலிருந்து விழுந்ததா என்பதுகூடச் சந்தேகம். என் கடைச் சுவரிலேயே அதன் பங்காளி ஒன்றைக் காட்டினேன். மனிதர் அதையும் டிபன் பாக்ஸையும் மாறிமாறிப் பார்த்தார். “இன்னா சார் நீ! இதுக்குப் போயி பதினாறு பேரு லாரி மேல ஏறி நின்னுகினு இருந்தோம்!”

பெண் பார்த்தது

எம்.கே.பி. நகர் மேகலா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நகக்கண் அளவில் வாங்கிய ஒரு குஞ்சை ஒன்பது வருஷம் வளர்த்து, உள்ளங்கை நிறைகிற பெண்ணாக்கியிருந்தாள். கறுப்பு உடம்பு, செம்மஞ்சள் முழங்கால். அது உரித்த சட்டைகளை நானே பார்த்து, ‘ஸ்மித்தி’ என்ற இனம்தான் என்று உறுதி செய்திருந்தேன். இதே முழங்காலோடு ‘ஹமோரி’ என்று இன்னோர் இனம் உண்டு. ரொம்ப நாள் இரண்டையும் ஸ்மித்தி என்றே விற்றார்கள். பிறகு அறிஞர்கள் பிரித்து வேறு பெயர் வைத்தார்கள். டப்பாக்களுக்கு அந்தச் செய்தி போய்ச்சேரவில்லை. எங்கள் வட்டாரத்தில் சந்தேகமில்லாத ஸ்மித்தி மேகலாவுடையது ஒன்றுதான். அதன் வம்சத்தைக் கலப்பில்லாமல் பெருக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

ராயபுரத்தில் கப்பல் கயிறு மொத்த வியாபாரம் செய்யும் தங்கதுரை அண்ணாச்சியிடம் வயதுக்கு வந்த ஆண் ஒன்று இருந்தது. எங்கள் பழக்கம் எளிது: ஆண் வைத்திருப்பவர் பெண் வீட்டுக்கு அனுப்பவேண்டும்; பிறக்கும் குஞ்சில் பாதி அவருக்கு. வயதுக்கு வந்த ஆண் அதற்கு மேல் சட்டை உரிக்காது; அதன் இனத்தை நிச்சயமாகச் சொல்ல, முகத்தருகே இருக்கும் சிறு கையின் நுனியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவேண்டும். அது டப்பாவுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பிடித்து அழுத்தினால் கால் ஒடியும். நான் தயங்கி நின்றதைப் பார்த்து அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “டப்பாலயே ஸ்மித்தின்னு எழுதியிருக்குல்லா, பொறவு என்னத்துக்குவே பூதக்கண்ணாடி?”

நானும் லேபிளைப் படித்துவிட்டுத் தலையாட்டினேன். இதில் கெட்டவன் நான்தான்.

கல்யாணம்

மேகலா வீடு மூன்றாம் மாடி. கீழே லாரி போனால் கண்ணாடித் தொட்டி அதிரும் என்று அதைச் சைக்கிள் டியூப் மேல் வைத்திருந்தாள். ஆணை உள்ளே விட்டோம். அது தரையைத் தட்டித் தாளம் போட்டது. பெண்ணும் பதிலுக்குத் தட்டியது. இரண்டு நிமிஷத்தில் காரியம் முடிந்து, பெண் விஷப்பல்லைத் தூக்குவதற்குள் மேகலா கரண்டியை நடுவில் நீட்டி மாப்பிள்ளையைக் காப்பாற்றினாள். அண்ணாச்சிக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. மேகலா தண்ணீர் கொடுத்துச் சொன்னாள்: “இன்னா அண்ணாச்சி, உன்னையா துண்ண வந்துச்சி? குந்து.”

பங்கு கேட்டு வந்த நாள்

முட்டைப் பை வந்தது. பிரித்தபோது நானூறுக்கு மேல் குஞ்சு. ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் போட்டு, மூன்று நாள் லீவு எடுத்து மேகலா லேபிள் ஒட்டினாள். பங்கு பிரிக்க எல்லாவற்றையும் என் கடைக்குக் கொண்டுவந்தாள்.

அண்ணாச்சி ஒரு பையோடு வந்தார். பைக்குள் ஸ்பிரிட் பாட்டில், பாட்டிலில் மாப்பிள்ளை. ஆண்களுக்கு ஆயுசு குறைவு. கல்யாணமான சில வாரத்தில் அது தானாகச் செத்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கடையில் மாட்டவேண்டுமாம். சட்டத்தில் அழகாக உட்காரவைக்கக் கால்களை விரித்தவன், கை சும்மா இருக்காமல் அந்தச் சிறு கையின் நுனியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

ஸ்மித்திக்கு அது கரண்டி போல அகன்றிருக்கும். இது ஒடுங்கி வளைந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். நாற்காலியை மாற்றிப் போட்டும் பார்த்தேன். ஹமோரி. மேஜை மேல் இருந்த நானூறும் கலப்பு.

சொன்னேன். அண்ணாச்சி கேட்டார்.

“வளந்தப்புறம் கண்ணால பாத்தா தெரியுமாவே?”

“தெரியாது. அப்பன் ஆத்தா மாதிரியேதான் இருக்கும்.”

“உம்ம மைக்ரோஸ்கோப்புல?”

“அதிலும் அடித்துச் சொல்ல முடியாது.”

“பொறவென்ன! யாருக்குத் தெரியப்போவுது?”

அதுதான் பயமே. இவை ஸ்மித்தி என்ற பெயரில் நானூறு வீட்டுக்குப் போகும், குஞ்சு போடும். பிறகு எது அசல் என்று எவனாலும் பிரிக்க முடியாது. மேகலா ஒட்டிய லேபிள் ஒன்றைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். “எனக்குத் தெரியும்ல அண்ணாச்சி.”

ஃப்ரிட்ஜ்

விற்கவும் கூடாது, நானூறையும் ஆயுசுக்கும் வளர்க்கவும் முடியாது. எங்கள் உலகத்தில் இதற்கு ஒரே வழி, குளிரில் வைத்துவிடுவது. என் கடை ஃப்ரீசரில் வைக்கலாம் என்றேன். தான் பெருக்கியதைத் தானேதான் முடிக்கவேண்டும் என்று மேகலா அத்தனை டப்பாவையும் ஆட்டோவில் வீட்டுக்கு எடுத்துப்போனாள். கூடப் போனேன். அவள் டப்பாக்களை ஃப்ரீசரில் வரிசையாக அடுக்கினாள். நான்தான் இரண்டு டப்பாவைக் கீழே போட்டேன். அண்ணாச்சி வரவில்லை. அடுத்த நாள் காலை மேகலாவின் அம்மா ஃப்ரீசரைத் திறந்தார். “இன்னாடி இது, வஞ்சிரத்துக்குப் பக்கத்துல இத்தினி மருந்து டப்பா?”

மேகலாவின் போன்

இரண்டு மாதம் கழித்து, கடையில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது மேகலா போன் செய்தாள். “அண்ணா, மறுக்கா பை போட்டுகீது” என்றாள். வேறு ஆணை விட்டாயா என்று கத்தினேன். விடவில்லை. எனக்கே அப்போதுதான் உறைத்தது: பெண் சிலந்தி, ஆணிடம் வாங்கியதை அடுத்த சட்டை உரிக்கிறவரை உடம்புக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஒரு கல்யாணத்தில் இரண்டு பிரசவம் பார்க்கும். இதைப் பிறருக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

இதற்கும் ஃப்ரீசர்தான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள்தான் அழுகையும் சிரிப்புமாக ஒன்று சொன்னாள். “அவன் செத்து எத்தினி மாசமாச்சி, இன்னும் குடும்பம் நடத்திகினு கீறான்ண்ணா!”

மாப்பிள்ளை யார், என்ன குலம் என்று சத்தியம் செய்து சொல்லும் தகுதி எனக்கு இப்போதும் உண்டு. அவர் செத்துப்போய் ஸ்பிரிட் பாட்டிலில் வந்தால்.