கொட்டாவியில் எழுந்த கை

மண்டி மொஹல்லா பகுதியில் ஸ்கூட்டர் சறுக்கித் தலையில் அடிபட்டதிலிருந்து என் கணவரின் இடது கை அசையவே இல்லை. சட்டை போட்டுவிடுவதும் நான்தான். பயிற்சிக்காக அந்தக் கையைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் நான்தான்.

ஒருநாள் காலையில் அவர் பெரிதாகக் கொட்டாவி விட்டார். செத்துக் கிடந்த அந்தக் கை மார்புவரை எழுந்து, மெல்ல இறங்கியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை வேலை வாங்கத்தான் இத்தனை நாள் நடிப்பா? கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாயை ஆவென்று திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கை மட்டும் அசையவில்லை. நான் நிற்பது தெரிந்துவிட்டது போலிருக்கிறது, கள்ளம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த நாட்களிலும் அதே வாய், அதே கை.

பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணிடம், அவர் எதிரிலேயே போட்டு உடைத்தேன்.

"அய்யோ, நடிப்பெல்லாம் இல்லக்கா. இந்த மாதிரி அடிபட்டவங்கள்ல சில பேருக்கு, நிஜமா கொட்டாவி வந்தா கை தானா எழும். அவரா தூக்கணும்னு நினைச்சா வராது" என்றாள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது எழறதை இன்னொரு வாட்டி பார்க்கணும்னு இருந்துச்சு. அதான் ஒரு கொட்டாவியாவது வராதான்னு வாயைத் திறந்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்" என்றார்.