டிவி நன்றாகத்தான் இருந்தது

“டிரசர், டிவில ஒரே வெள்ளப் புள்ளியா பறக்குது. வயரப் பாருங்க லா,” என்றான் சேகர்.

வயரை ஆட்டினேன். தலையில் ஒரு தட்டும் தட்டினேன். டிவியின் தலையில்தான்.

மலேசியாவில், அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் டிரசர். காயம் கட்டுவதும் மருந்து கொடுப்பதும் என் வேலை. எண்பதுகளில் சம்பள நாள் முடிந்தால் பதினாறு வயதுப் பையன்கள் கள்ளச் சம்சு, அதாவது சாராயம், குடித்துவிட்டு வாந்தியோடு வருவார்கள். பேசிப் பார்த்தேன், ஒருவனும் கேட்கவில்லை. கிள்ளானில் டிவி கேம் ஒன்று வாங்கி வந்து மண்டபத்து டிவியில் மாட்டினேன். உள்ளே வருகிறவன் என் முகத்தில் ஊத வேண்டும். வாடை அடித்தால் ஒரு மாதம் கேம் கிடையாது.

“குடிய நிறுத்த பொம்மைப் பொட்டியா? நல்ல வைத்தியம்யா,” என்று தோட்ட ஆபீஸ் கணக்கர் பெரிய கிராணி சிரித்தார். சிரிக்கட்டும். பையன்கள் வந்தார்கள்.

அன்று சம்பளம் முடிந்த ஞாயிறு மதியம், நான் வைத்த கேம் போட்டியின் கடைசி நாள். சேகர்தான் எங்கள் தோட்டத்தில் கெட்டிக்காரன். ஊதினான், வாடை இல்லை. உட்கார்ந்தவன் வரிசையாகத் தோற்றான். அப்போதுதான் என்னை வயரைப் பார்க்கச் சொன்னான்.

“டிவி நல்லாத்தானே இருக்கு? தோக்கப் போறான், அதான் கத வுடுறான்,” என்றான் பின்னால் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் டிவியை அடைத்தேன். திரை கறுத்தது.

“இப்ப?”

“இப்பவும் பறக்குது, டிரசர்.”

சிரிப்பு நின்றது.

அவனை வெளியே இழுத்துப் போனேன். கள்ளச் சம்சுவில் சில நேரம் குடிக்க ஆகாத ஸ்பிரிட்டைக் கலந்துவிடுவார்கள். மறுநாள் வாடை போயிருக்கும், விஷம் போயிருக்காது. கண்ணைப் பிடிக்கும், பிறகு உயிரைப் பிடிக்கும்.

“நேத்து என்ன குடிச்ச?”

“ஒன்னும் குடிக்கல.”

“பொய் சொல்லாத.”

“சாமி சத்தியமா இல்ல, டிரசர்.”

உலுக்கினேன். அழுதானே தவிர சொல்லவில்லை. என்ன குடித்தான் என்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே காரணம் தேடுவதற்குள் இவன் கண் போய்விடும்.

கடைசியில் கேட்டான்: “சொன்னா ஒரு மாசம் கேம் இல்லதானே?”

அறைந்திருப்பேன். கையை ஓங்கியும் விட்டேன். அப்போதுதான் உறைத்தது. அவன் வாயை அடைத்து வைத்திருந்தது நான் போட்ட சட்டம்.

“சட்டம் போச்சு. கேம் ஒனக்குத்தான். சொல்லுடா.”

“லோரி கொட்டாய்க்குப் பின்னால விக்கிறாரே, அவருதான். புது சரக்கு, ருசி பாருன்னு சும்மா குடுத்தாரு. ரெண்டு கிளாஸ்.”

தோட்ட லோரியில் ஏற்றினேன். அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே வந்தாள். “காலையிலருந்து வயித்து வலின்னு படுத்தே கெடந்தான் ஐயா. போட்டின்னதும் எந்திரிச்சு ஓடுனான்.” கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சம்சு என்றேன். மருந்தைத் தொடங்கிவிட்டு அங்கிருந்து கிள்ளானுக்கு அனுப்பினார்கள்.

உயிர் தப்பியது. பார்வை பாதிதான் திரும்பியது. திரையில் ஓடும் சின்ன குண்டுகள் அதற்குப் பிறகு அவனுக்குத் தெரியவே இல்லை. விற்றவனோ அதே கொட்டாய்க்குப் பின்னால் விற்றுக்கொண்டிருந்தான். போலீசில் அவன் பெயரைச் சொல்ல வாருங்கள் என்று தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் லயமாகப் போய்க் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். டிவி கேம் யாருடைய குடியையும் நிறுத்திவிடவில்லை. லயத்தில் சுருண்டு கிடந்திருக்க வேண்டியவனை என் கண் முன்னால் கொண்டு வந்து உட்கார வைத்தது. அவ்வளவுதான் அதன் வேலை. மீதி நம்முடைய வேலை. ஊதச் சொல்வதை அன்றோடு விட்டேன்.

அடுத்த சம்பளம் முடிந்த ஞாயிறு, ஒருவன் வாசலிலேயே தயங்கி நின்றான். “டிரசர், நேத்து குடிச்சிட்டேன்.”

வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. கேம் பிடியை எடுத்து முதலில் அவன் கையில் கொடுத்தேன்.

பெரிய கிராணி பார்த்துக்கொண்டிருந்தார். “என்னய்யா, குடிச்சவனுக்குப் பரிசா?”

“குடிச்சதுக்கு இல்ல, கிராணி. வந்து சொன்னான்ல, அதுக்கு.”