அப்பாவைப் பிடித்த பேய்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இப்போது பாதிப் பேர் தனியாகப் பேசிக்கொண்டுதான் நடக்கிறார்கள். காதில் என்னவோ ஒன்றைச் சொருகிக்கொண்டு சிரிக்கிறார்கள், கையை ஆட்டுகிறார்கள், எதிரில் இல்லாத ஆளோடு சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு வேப்பிலை அடிக்க யாரும் பூசாரியைக் கூட்டி வருவதில்லை. என் அப்பா கொஞ்சம் அவசரப்பட்டு, செல்போன் பரவுவதற்கு முன்னாலேயே தனியாகப் பேச ஆரம்பித்து மாட்டிக்கொண்டார்.

அப்பா கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டினார். மலைக்கு பஸ் உண்டுதான். ஆனால் வருவதும் வராததும் அதன் இஷ்டம். சாமை மூட்டை, புளி மூட்டை, காலைக் கட்டிய கோழி, கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாம் ஜீப்பில்தான் ஏறி இறங்குவார்கள். அப்பா ஓட்டினால் மலைப்பாதையில் பச்சைக் குழந்தைகூட தூங்கும். ஆனால் வாய் சரியில்லை. காலடியில் மூட்டை வைத்தால் கோபம், வெற்றிலை துப்பினால் கோபம், இறங்கும் இடம் தாண்டிய பிறகு குரல் கொடுத்தால் வண்டியை ஓரங்கட்டி, கீழே இறங்கி நின்று கத்துவார். கை தங்கம், வாய் தகரம் என்று ஜீப் ஸ்டாண்டில் சொல்வார்கள். வீட்டிலும் அதே வாய்தான். அம்மா அழாத வாரம் கிடையாது.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அவரிடம் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சாயங்காலம் ஜீப்பை வாசலில் நிறுத்தி, வாளித் தண்ணீரும் பழைய துணியுமாக உட்கார்ந்து சக்கரத்துச் சேற்றைக் கழுவுவார். கழுவிக்கொண்டே முணுமுணுப்பார். சக்கரத்துக்குச் சக்கரம் விஷயம் மாறும்.

"கெழவரு கை காட்டினாரு. எடம் இல்லன்னு வந்துட்டேன். எடம் இருந்துச்சு. ஒண்டி உக்காருங்கன்னா உக்காந்திருப்பாங்க. நாளைக்கு அப்பிடி பண்ணக்கூடாது."

அடுத்த சக்கரத்துக்கு நகர்வார். ஆரன் அடிக்காமல் திரும்பியது, அதில் ஒரு ஆட்டுக்காரர் பதறியது, பதறியவரையே திட்டியது. அதற்கும் ஒரு "நாளைக்கு பண்ணக்கூடாது." எனக்கு அது ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. நான் அந்த நாட்களில் புளியங்கொட்டையோடு பேசி விளையாடுகிறவள். அப்பா ஜீப்போடு பேசுகிறார், அவ்வளவுதான்.

என் தாய்மாமன் எங்களோடுதான் இருந்தார். ஜீப்பில் மூட்டை ஏற்றி இறக்குவது அவர் வேலை. நல்ல மனுஷன், ஆனால் ஓட்டை வாய். ஒரு சாயங்காலம் அப்பா பேசுவதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் ஓடி வந்தார்.

"அக்கா, மாமா டயர்கிட்ட பேசிக்கினு இருக்காரு. அதுவும் தப்பு தப்புன்னு சொல்லிக்கினு."

மறுநாள் டீக்கடையில் அந்தச் செய்தி கொதித்தது. அதற்கு ஆதாரங்கள் சேரத் தொடங்கின. முன்னே மாதிரி அவன் கத்துவதில்லை, கவனித்தாயா என்றார் ஒருவர். மூட்டையைத் தானே இறக்கிக் கொடுத்தான், வாங்க, உட்காருங்க என்கிறான் என்றார் இன்னொருவர். இத்தனை வருஷமாக அப்படியெல்லாம் பேசாத மனுஷன் இப்போது பேசுகிறான் என்றால், பேசுவது அவனில்லை. மலைப்பாதையில் புளியமரத்து வளைவில் எப்போதோ ஒரு லாரிக்காரர் விழுந்து செத்திருந்தார். அந்த ஆத்மாதான் ஜீப்பில் தொற்றி ஏறியிருக்க வேண்டும் என்று டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. ஒரு மனுஷன் திருந்தியிருக்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பேய் ஓட்டும் ஜீப்பில் யார் மலை ஏறுவார்கள்? எங்கள் ஜீப் ஸ்டாண்டில் காலியாக நின்றது. பின்னால் வந்த ஜீப்புகள் நிறைந்து முன்னால் போயின. வீட்டில் முதலில் மீன் நின்றது, பிறகு காய் நின்றது, பிறகு மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ் என்றானது. ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடலாம் என்று அப்பா சொன்னதைக் கேட்டு அம்மா நடுங்கிப்போனாள். "நல்லா இருந்த மனுசன் இப்பிடி ஆயிட்டாரே" என்று அழுதாள். நல்லா இருந்தபோது அவள் எவ்வளவு அழுதாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

மாமாதான் ஒரு கோழியைக் காணிக்கையாகக் கொடுத்து பூசாரியை அழைத்து வந்தார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். ஜீப்புக்கும் சந்தேகம் இருந்ததால் அதற்கும் மஞ்சள் தெளித்து, பானெட்டில் பொட்டு வைத்து, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஆட்கள் திரும்பி வந்தால் சரி என்று சம்மதித்திருந்தார். தெருவே கூடியிருந்தது. பூசாரி உடுக்கை அடித்துப் பாடி, வேப்பிலையால் அவர் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

"சொல்லு! யாரு நீ? எந்த வளைவுல ஏறினே?"

"நாந்தாங்க" என்றார் அப்பா. "வேற யாரும் இல்லீங்க."

இன்னொரு அடி. "அப்போ தனியா இன்னாத்த பேசிக்கினு இருக்கே?"

"அன்னன்னிக்கு பண்ணத சொல்லிப் பாத்துக்கறேங்க. சொன்னாதான் எனக்கே தெரியுது."

பூசாரியின் அனுபவத்தில் எந்தப் பேயும் இப்படிப் பதில் சொன்னதில்லை. உடுக்கையைக் கீழே வைத்தார். "எங்க, இன்னிக்கு பண்ணத சொல்லு பாக்கலாம்" என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். காதில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது.  பிறகு டயர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னார்.

"காலைல எம்பொண்ணு ரிப்பன் சரியா இருக்குதான்னு கண்ணாடில பாக்க ஜீப்புல ஏறிச்சு. மொதல்ல நீ ஏறி உக்காந்துக்கினா அப்பறம் எவன் ஏறுவான், உன் ராசிதாண்டி ஆளே வரலன்னு சொல்லிட்டேன். ஆள் வராததுக்கு கொழந்த இன்னா பண்ணும்? நாந்தான் தப்பு. சொல்லியிருக்கக்கூடாது."

 மலையிலிருந்து சந்தைக்கு வந்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்ற ஒரு அம்மாள்தான் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முதலில் வாயைத் திறந்தாள்.

"இந்தப் பேய ஓட்டாதீங்க சாமி. எங்க வூட்டுக்காரருக்கும் இது மாதிரி ஒண்ணு புடிச்சா தேவல."

தெரு சிரித்தது. பூசாரியும் சிரித்தார். பேய் கிடையாது என்று சொன்னார். ஆனாலும் கோழியைத் திருப்பித் தரவில்லை. நாளைக்குக் காலையில் மேலே ஒரு வேலை இருக்கிறது, இந்த ஜீப்பிலேயே வருகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் சிரித்தபோது நான் உள்ளே ஓடிப்போய் மூலையில் உட்கார்ந்து அழுதேன். காலையில் திட்டியதைவிட அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எங்களுக்குள் நடந்ததைத் தெருவெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டாரே என்று. அம்மா கொண்டுவந்த கூழையும் தள்ளிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. "வரியா, வெள்ளிமலை போய்ட்டு வரலாம்" என்றார் அப்பா. நான் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மாதான் தலைவாரி அனுப்பினாள். ஸ்டாண்டில் ஆட்கள் எட்டத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி ஏற வந்தார். அப்பா அவரிடம், "செத்த இருங்க" என்றார். என்னைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். என் ரிப்பனைச் சரிசெய்தார். ஸ்டாண்டு முழுவதும் பார்க்கட்டும் என்பது போலக் கதவை மெதுவாகச் சாத்தினார். அதன் பிறகுதான் பூசாரி ஏறினார். அவர் பின்னால் கூடைக்காரி, மூட்டைக்காரர்கள், மற்றவர்கள்.

அந்தப் பேய் இன்றுவரை அப்பாவை விட்டு இறங்கவில்லை. ஜீப் போய் ஆட்டோ வந்து, அதுவும் போய், இப்போது மாட்டுக் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டு பேசுகிறார். நாளுக்கு நாள் கோபம் குறைந்துகொண்டே வந்த ஒரு வீட்டில் நான் வளர்ந்தேன். அது எல்லோருக்கும் வாய்க்காது என்று கல்யாணமாகி வேறு வீடுகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லி முடியாது.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளிமலை வரைக்கும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே போனேன். அப்பா வாங்கித் தந்த முறுக்கை மட்டும் தின்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.

"மொதல்ல ஏறதுக்கு ஆளே இல்லம்மா. அதான் என்னை இட்டுக்கினு போய் உக்கார வச்சாரு."